மீதி ஆறு கிலோ

பான்யோங்கின் எடை ஐம்பத்தெட்டு கிலோ. அதைச் சொன்னது கொப்பரை வியாபாரியின் தராசு. சுகாதார மையத்து நர்ஸ் மாத்திரை எழுத எடை கேட்டாள். பக்கவாதம் வந்து நிற்க முடியாத ஆளை எந்த இயந்திரத்தில் நிறுத்துவது? மகன் ஆர்வின் தராசுக் கொக்கியில் வலைத்தொட்டிலை மாட்டி, அப்பாவை அதில் கிடத்தினான். வியாபாரி எடைக்கல்லை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, "அறுபதுக்குப் பக்கம். ஆனா ஈரம் கழிக்கணும்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பான்யோங்கும் பாதி முகத்தால் சிரித்தான். மீதிப் பாதி முகம் சிரிப்பதை நிறுத்தி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஐம்பத்தெட்டு கிலோவைத் தூக்க முடியாமல் அவன் மனைவி லெயோனிசா கீழே விழுந்தது ஜனவரியில், மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு மறுநாள் காலையில். தினமும் ஆர்வின்தான் அப்பாவைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றி, ஜன்னலோரம் தள்ளி வைத்துவிட்டு, நகரத்தில் கப்பல் வேலைப் பயிற்சிக்குப் போவான். அன்றைக்கு ஜீப்னி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று லெயோனிசா வீறாப்பாகச் சொல்லியிருந்தாள். குனிந்து, கணவனின் இரண்டு கைகளையும் பிடித்து, கிணற்று வாளியை இழுப்பதுபோல இழுத்தாள். இடுப்பில் எதுவோ பிசகியது. இருவரும் தரையில் கிடந்தார்கள், மூங்கில் கூரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து அரிசிப் பணியாரத் தட்டோடு உள்ளே வந்தாள் ஆத்தே ஃபெலி. பான்யோங்கின் அக்கா; ஆத்தே என்றாலே அக்காதான். கடலுக்கு அந்தப் பக்கம் லுசேனாவில் பெரிய வீட்டில் இருக்கிறவள், திருநாளுக்கு வந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் தரையில என்ன பண்றீங்க? வயசென்ன உங்களுக்கு?" என்று முதலில் கேலி செய்தாள். பிறகு தட்டை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டு தம்பியைத் தூக்கிப் படுக்க வைத்தாள். அப்புறம்தான் உட்கார்ந்து பேசினாள்.

"இது சரிப்படாது நீஸா. ஆர்வின் இருக்கிற வரைக்கும் சரி. மே மாசம் அவன் கப்பல் ஏறினதும் யார் தூக்குவா? நீயா? உன்னைத் தூக்கவே இன்னைக்கு ரெண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த மாச ஊர்த் திருவிழாவுக்கு வர்றப்ப வேன் எடுத்துட்டு வர்றேன். என் வீட்ல ஆளுங்க இருக்காங்க, கீழ்த்தள ரூம் காலியா கிடக்கு. தம்பியை அழைச்சிட்டுப் போறேன். உனக்கும் கொஞ்சம் மூச்சு விட முடியும்."

ஃபெலியைக் கெட்டவள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அன்பைச் சத்தமாகச் செய்கிற ரகம், அவ்வளவுதான். லெயோனிசா கணவனைப் பார்த்தாள். 'நான் போகமாட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள். வாய் கோணியிருந்தாலும் பேச்சு வரும். மெதுவாக வரும், ஆனால் வரும். பான்யோங் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அந்தச் சுவரை அவனே பூசியது. முப்பது வருஷம் எங்கள் சான் இசித்ரோவில் பாதி வீடுகளைக் கட்டிய கொத்தனார் அவன். சாரத்தின் மேலிருந்து ஊரையே அதட்டிய ஆள். அன்றைக்கு ஒரு வார்த்தைக்கு வழியில்லாமல் கிடந்தான்.

இடுப்பு வலியைவிட அதுதான் லெயோனிசாவுக்கு அதிகம் வலித்தது.

சாயங்காலம் ஆர்வின் வந்ததும் கேட்டாள். "உனக்கு எப்படிடா உடம்பு இப்படி ஆச்சு?"

"தூக்கித்தான், மா. கப்பல்ல சேரணும்னா தெம்பு வேணுமே."

"எனக்குச் சொல்லிக்குடு."

அவன் சிரிக்கப் போனான். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு, கொல்லையிலிருந்து ஒரு மூங்கில் கழியை எடுத்து வந்தான்.

"முதல் வாரம் இது மட்டும்தான்."

"இதையா? இதை உன் அப்பன் கண்ணிமையால தூக்குவான்."

"கனம் அப்புறம். முதல்ல உடம்பு எப்படி மடங்கணும்னு தெரியணும். ரெண்டு கையிலயும் சோத்துப் பானை இருக்கு, பின்னாடி சமையக்கட்டுக் கதவைச் சாத்தணும். எப்படிச் சாத்துவ?"

"இடுப்பால இடிச்சு."

"அதேதான், மா. காலையில நீ முதுகை வளைச்சு இழுத்த. அப்படி இழுக்கக் கூடாது. இடுப்பு பின்னாடி போகணும், முதுகு பலகை மாதிரி நேரா இருக்கணும், தூக்குறது காலும் பின்பக்கமும். முதுகு சும்மா கூட வரும், அவ்வளவுதான்."

இன்னும் சில விதிகள் சொன்னான். இடுப்பு வலி சுத்தமாகப் போகிற வரை கழியைக்கூடத் தொடக் கூடாது. வாரத்துக்கு மூன்று நாள் மட்டும். ஐந்து தடவை தூக்கினால் உட்கார்ந்துவிட வேண்டும். அப்படி மூன்று சுற்று. கனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். தூக்காத நாளில்தான் உடம்பு பலம் சேர்க்கும், ஆகவே தூக்காத நாளை மதிக்க வேண்டும். கடைசி விதி மட்டும் லெயோனிசாவுக்கு விளங்கவே இல்லை. சும்மா இருந்தால் பலம் வரும் என்று அவளிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

பத்து நாள் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம். அதற்கப்புறம் ஒரு வாரம் பலாமரத்தடியில் மூங்கில் கழியை வைத்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத கதவுகளை இடுப்பால் சாத்திக்கொண்டிருந்தாள். பிறகு கனம் தயாரித்தாள். பான்யோங் வேலையில் மிஞ்சிய இரும்புக் குழாய் ஒன்று, ஆறு கிலோ. பால்மாவு டின் இரண்டு. அவன் விழுந்த நாளிலிருந்து தார்ப்பாய்க்கடியில் கிடந்த அரை மூட்டை சிமென்ட். மணலுக்கு எங்கே போவது? வீட்டுப் படியிறங்கிப் பத்தடி வைத்தால் கடற்கரை. வாளியில் அள்ளி வந்தாள். சிமென்டை வீணாக்கக் கூடாது என்று கைப்பிடிக் கணக்கில் போட்டு, சோற்றுக் கரண்டியால் கிளறி, டின்னில் ஊற்றி, குழாயின் இரண்டு முனையையும் நட்டு, நல்ல வெயிலில் காயப் போட்டாள். கொத்தனாருக்கு முப்பது வருஷம் சாப்பாடு கட்டிக் கொடுத்தவள்தான். கலவையைத் திரும்பிப் பார்த்தவளில்லை. ஆர்வின் கப்பல்காரன், அவனுக்கு மணல் என்றால் மணல். ஜன்னலோரம் நாற்காலியில் பான்யோங் இருந்தான். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் நாள் பதினாறு கிலோ. தூக்கிவிட்டாள். மறுநாள் காலை குந்தி உட்காரவும் முடியவில்லை, உட்கார்ந்தால் எழவும் முடியவில்லை. தொடையும் பின்பக்கமும் தனித்தனி ஆட்களைப்போல முனகின.

வேலிக்கு அந்தப்புறம் ஆலிங் புரிங் வீடு. எங்கள் ஊரில் செய்தித்தாள் வருவதில்லை, தேவையும் இல்லை. ஆலிங் புரிங் இருக்கிறாள்.

"நீஸா, என்னடி இது? திருவிழாவுல மிஸஸ் சான் இசித்ரோவுக்கு நிக்கப் போறியா?"

"ஆமா ஆலிங் புரிங். நீச்சலுடை தச்சிட்டேன்."

"அடி, ஐம்பத்தோரு வயசுல கிரீடம் கேக்குதா உனக்கு! சரி சரி, தூக்கு. ஆனா ஒண்ணு. தூக்கிட்டுக் கைய தண்ணியில விட்டுடாத. பஸ்மா வரும்."

அதைச் சொல்ல வேண்டியதே இல்லை. வேலை செய்து சூடேறிய கையில் தண்ணீர் பட்டால் பஸ்மா வரும் என்று எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். உள்ளங்கை வேர்க்கும், விரல் நடுங்கும், நரம்பு புடைத்துக்கொள்ளும். அப்படி ஒரு வியாதியே கிடையாது என்கிறார்கள் டாக்டர்கள். டாக்டர்கள் துணி துவைப்பதில்லை.

ஆக, தூக்கி முடித்ததும் அரை மணி நேரம் லெயோனிசா தண்ணீரைத் தொடக் கூடாது. தண்ணீரைத் தொடாமல் ஒரு வீட்டில் என்ன வேலை செய்ய முடியும்? அரிசி களைய முடியாது, துணி அலச முடியாது, மீன் கழுவ முடியாது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு இப்படி அரை மணி நேரம் வாய்த்ததில்லை. எங்கே உட்கார்வது என்றே முதல் நாள் தெரியவில்லை. கடைசியில் ஜன்னலருகே பான்யோங்கின் நாற்காலிச் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள்.

அப்படித்தான் அந்த அரை மணி நேரங்கள் ஆரம்பித்தன. திங்கள், புதன், வெள்ளி. காலை எட்டரை மணி இருக்கும். கடலில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக ஏறிக் கூரையில் நெளியும். உடம்பு முழுக்க மெல்லிய ரீங்காரம். தூரத்தில் யாருடைய சேவலோ நேரம் கெட்டுக் கூவும், கூவிவிட்டு அதுவும் தூங்கிவிடும். திரைச்சீலை உள்ளே வந்து அவள் முழங்காலைத் தொட்டுவிட்டுத் திரும்பும். விழித்திருக்கிறாளா தூங்குகிறாளா என்று அவளுக்கே தெரியாத ஒரு நிலையில், ஊரும் கடலும் ஒரு முழம் எழும்பி மிதப்பதாகத் தோன்றும்.

கனம் தூக்கத் தொடங்கியதிலிருந்து அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. எதைப் பார்த்தாலும் எவ்வளவு இருக்கும் என்று மனம் எடை போட்டது. கோழி ஒன்றரை. தேங்காய்க் குலை பன்னிரண்டு. ஒரு நாள் அரைத் தூக்கத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அந்த மேகம் நாப்பது இருக்கும்."

தலைக்கு மேலிருந்து மெதுவாகக் குரல் வந்தது. "ஈரம்... கழிச்சா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பல மாதங்களில் பான்யோங் தானாகப் பேசிய முதல் பேச்சு அது.

"ஈரம் கழிச்சா மேகத்துல என்ன இருக்கும்? ஒண்ணுமில்ல."

"பலாமர... நெழல்?"

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "மூணு கிலோ. மத்தியானம் ரெண்டு."

"ஆலிங் புரிங்... வாய்?"

"அதுக்குத் தராசு கிடையாது."

இருவரும் சிரித்தார்கள். சத்தம் கேட்டு வேலிக்கு மேல் ஒரு தலை எழும்பி அடங்கியது.

அதற்கப்புறம் அந்த அரை மணி நேரத்துக்காகவே கனம் தூக்குகிறாளோ என்று சந்தேகப்படும் அளவுக்கு அது அவளுக்குப் பிடித்துப்போனது. இரும்புக் குழாய் உரசி அவள் உள்ளங்கை காய்த்தது. பான்யோங் நல்ல கையால் தேங்காயெண்ணெய்யைத் தொட்டு அந்தக் காய்ப்பில் தேய்ப்பான். பஸ்மாவுக்கு அதுதான் மருந்து. அவன் விரல்களிலும் பழைய காய்ப்புகள் இருந்தன. ஒரு வருஷமாக மெலிந்து போயிருந்தாலும் இருந்தன. கையைக் கையில் கொடுத்துவிட்டு அவள் கண்ணயர்ந்துவிடுவாள். ஒரு முறை, வீட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஆழமில்லாத கடலில் தான் நடந்து போவதாகக் கனவு கண்டாள். ஜன்னலில் பான்யோங் உட்கார்ந்து இடது, வலது என்று வழி சொல்லிக்கொண்டிருந்தான். எழுந்து அதைச் சொன்னபோது அவன் தன் கனவைச் சொன்னான்.

"எனக்கு... சாரம் கட்டியிருக்கு. ரொம்ப உசரம். சுவரே இல்ல. நான்... பூசிக்கிட்டே இருக்கேன்."

"கலவை எங்க நிக்குது அப்போ?"

"நிக்குது," என்றான் அவன், கொஞ்சம் பெருமையாக.

பிப்ரவரியில் பெயின்ட் டப்பாக்களில் கனம் வார்த்து இரண்டாவது குழாய் செய்தாள். இருபத்து நாலு கிலோ. அதன் மேல் மணல் பைகளைக் கட்டி முப்பது ஆக்கினாள். முப்பதைத் தூக்கிய காலையில் தனக்குப் பதினெட்டு வயது என்றும், இரவு நடனத்துக்குப் போகலாம் என்றும் அவளுக்குத் தோன்றியது. ஐம்பத்தெட்டுக்கு இன்னும் இருபத்தெட்டு. மே மாதத்துக்கு இன்னும் இரண்டு மாதம். கணக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் இருந்தது.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை, நாலாவது தடவை தூக்கி நிமிர்ந்தபோது வலது கை திடீரென்று லேசாகி மேலே போனது. பெயின்ட் டப்பா குழாயை விட்டுக் கழன்று, தரையில் விழுந்து, ரொட்டித்தூளாக உதிர்ந்தது. இன்னொரு முனை அவளை இடதுபுறம் இழுத்துச் சாய்த்தது. அந்த முனை டப்பா அவள் கால்விரலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அந்த அதிர்ச்சியில் அதுவும் பிளந்தது. உள்ளே குழாய் செந்நிறமாகத் துருப்பிடித்திருந்தது. அவள் உட்கார்ந்து உடைந்த துண்டைக் கையில் எடுத்தாள். விரலால் நசுக்கியதும் பொடியானது. பொடிக்குள் குட்டிக் குட்டிச் சிப்பி ஓடுகள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கடல் மணலில் கலவை நிற்காது என்று சாரத்தின் மேலிருந்து ஊருக்கே கத்தியவன் யார்? ஒரு பெரிய மனிதரின் மாடிப்படியை இதற்காகவே இடித்துப் போட்டுவிட்டு, கூலி வேண்டாம் என்று வந்தவன் யார்? அந்த ஆள் ஜன்னலில் உட்கார்ந்து அவள் வாளி வாளியாக அள்ளி வந்ததை முழுக்கப் பார்த்திருக்கிறான்.

உடைந்த துண்டோடு போய் அவன் முன்னால் நின்றாள்.

"உனக்குத் தெரியும்."

அவன் மறுக்கவில்லை. "தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா... நீ என்னைத் தூக்கிடுவ."

"நான் தூக்கக் கூடாதா?"

"நீ... ராத்திரி தூக்கத்துல முனகுற. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு. ஒரு வருஷமா... கேக்குறேன். அக்கா வீட்டுக்குப் போயிட்டா... முனக மாட்ட."

"என் இடுப்பு. என் முனகல். உனக்கென்ன?" லெயோனிசாவின் குரல் வேலியைத் தாண்டியது, தாண்டட்டும். "ஊருக்கெல்லாம் மணல் பார்த்துச் சொன்ன. உன் பெண்டாட்டிக்கு மட்டும் சொல்லல. ஒரு மாசத்துக்கு மேல உப்பைத் தூக்கிட்டு இருந்திருக்கேன் நான். நீ அதைப் பார்த்துக்கிட்டு எண்ணெய் தேச்சு விட்டிருக்க!"

துண்டை அவன் மடியில் போட்டுவிட்டுப் போனாள். போய், கை சூடாக இருக்கிறது என்றுகூடப் பாராமல், வாளித் தண்ணீரில் முழங்கை வரை விட்டுத் துணி துவைத்தாள். அவ்வளவு கோபம்.

ஐந்து நாள் பேச்சில்லை. எட்டரை மணி வரும். கூரையில் வெளிச்சம் நெளியும். அவள் சமையற்கட்டில் பாத்திரங்களை முட்ட விடுவாள். அவன் சிமென்ட் துண்டை மடியிலேயே வைத்திருந்தான், எடுக்கச் சொல்லவில்லை. ஆறாம் நாள் சாயங்காலம் ஆர்வினைக் கூப்பிட்டான்.

"ஆத்து மணல். ரெண்டு மூட்டை. சலிச்சது."

"எதுக்குப் பா?"

"சிமென்ட்... கெட்டுப்போகுது. எனக்குப் பொறுக்கல."

அதற்குமேல் காரணம் சொல்லவில்லை. போகமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் நாற்காலியை வாசற்படி வரை தள்ளச் சொன்னான். லெயோனிசா கலவையைக் கிளறக் கரண்டியோடு வந்தபோது, "அது... சோத்துக்கு. மண்வெட்டி எடு" என்றான். ஒரு பங்கு சிமென்டுக்கு இரண்டு பங்கு மணல். "தண்ணி போதும். போதும்னா... போதும்!" சாரத்துக் குரலில் பாதி வந்துவிட்டது. டப்பாவின் நடுவில் எண்ணெய் தடவிய மூங்கில் துண்டு ஒன்றை நிறுத்தச் சொன்னான். இறுகியதும் உருவிவிட்டால் துளை நிற்கும், குழாயில் வேண்டிய அளவு கோத்துக்கொள்ளலாம். வெயிலில் வைக்கவே விடவில்லை. ஈரச்சாக்கைப் போட்டு மூடி ஏழு நாள் தண்ணீர் தெளிக்க வைத்தான். எட்டாம் நாள் அவள் ஒரு வட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தாள். கோயில் மணி மாதிரி கணீரென்றது. அவன் கண்களில் தண்ணீர் நின்றதைப் பார்த்து அவள் கோபத்தை விட்டுவிட்டாள். இனிமேல் யாராவது அதை ஞாபகப்படுத்தினால்தான் உண்டு.

எட்டரை மணியின் அந்த அரை மணி நேரம் திரும்பி வந்தது. சித்திரை வெயிலில் கடல் வெள்ளையாகக் கிடந்தது. முப்பத்து நாலு, நாற்பது, நாற்பத்திரண்டு. அவள் தோளும் முதுகும் மாறியிருந்தன. மாதா சுரூபத்துக்குப் பூ வைக்கக் கையை உயர்த்தினால் சட்டைத் தையல் விட்டது. இரவில் முனகுவதும் நின்றுபோயிருந்தது. அதை அவளிடம் சொன்னது ஆலிங் புரிங். "என்னடி, இப்பல்லாம் உன் சத்தமே கேக்கல? தூக்கம் வரமாட்டேங்குது எனக்கு."

ஒன்றுக்கு மட்டும் பான்யோங் மசியவில்லை. "நான் பக்கத்துல நிக்கிறேன் பா, அம்மா ஒரு தரம் உன்னைத் தூக்கிப் பார்க்கட்டும்" என்று ஆர்வின் எத்தனையோ தடவை கேட்டுவிட்டான். "நீ இருக்கிற வரைக்கும்... நீ தூக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று லெயோனிசாவுக்குப் புரியவில்லை. கேட்கப் பயமாகவும் இருந்தது.

மே மாதம் பத்தாம் தேதி ஐம்பத்திரண்டு தூக்கினாள். வார்த்த வட்டங்கள் எல்லாம் கோத்தாகிவிட்டது. ஐம்பத்து நாலுக்காக இரண்டு அரைச் செங்கல் கட்டிப் பார்த்தாள். தரையை விட்டு எழும்பவில்லை. மறுபடி பார்த்தாள், எழும்பவில்லை. அவசரப்படாதே என்றான் ஆர்வின். அவசரப்படாமல் எப்படி இருப்பது? திருவிழா பதினைந்தாம் தேதி.

பதின்மூன்றாம் தேதி விடியற்காலை ஆர்வின் பெட்டியோடு படகேறினான். அப்பாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, அழாமல் இருக்க வேகமாக நடந்து போனான். அதே படகு திரும்பி வரும்போது ஆத்தே ஃபெலியையும் வெள்ளை வேனையும் இறக்கிவிட்டது. திருவிழாக் கூட்டத்துக்கு முன்னால் போய்விடலாம் என்று இரண்டு நாள் முன்னதாகவே வந்திருந்தாள்.

"துணிமணி எடுத்து வச்சிட்டியா நீஸா? டிரைவர் வந்து தூக்கிக்குவான்."

"அஞ்சு நிமிஷம் குடுங்க ஆத்தே."

ஃபெலி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை அந்தத் தோளில் போய் நின்றது. "சரி, பாரு" என்று நாற்காலியைக் கட்டிலோரம் தள்ளி, அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லெயோனிசா கணவனைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்தாள். அவன் பாதங்களைத் தரையில் பதித்தாள். அவன் முழங்கால்களைத் தன் முழங்கால்களால் அணைத்துக்கொண்டு குந்தினாள். அக்குள் வழியாகக் கைகளை விட்டு அவன் முதுகுக்குப் பின்னால் கோத்தாள். அவனிடம் எண்ணெய் வாசனையும் தூக்க வாசனையும் வந்தன. கூரையில் வெளிச்சம் நெளியத் தொடங்கியிருந்தது. திங்கட்கிழமை எட்டரை மணிதான். அவளுக்கு ஒரு கணம் எல்லாமே அந்த அரைத் தூக்கத்தில் நடப்பதாகத் தோன்றியது.

"இங்க பாரு பான்யோங்," என்றாள் அவன் காதில். "எனக்கு ஐம்பத்திரண்டுதான் வரும். மீதி ஆறு கிலோ என்கிட்ட இல்ல. தேடிப் பார்த்துட்டேன், இல்ல. அது உன் நல்ல கால்ல, அந்த வலது கால்ல இருக்கு. குடுக்கிறதா இருந்தா குடு. குடுக்கலேன்னா ஆத்தேகூடப் போ. நான் அழமாட்டேன்." மூச்சு விட்டாள். "பொய். அழுவேன். ரொம்ப நாள் அழுவேன்."

வெளியே வேன் டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தான்.

அவள் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்தினாள். எழும்பினாள். கொஞ்சம் வந்தான். கட்டிலை விட்டு ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை. அங்கே நின்றுவிட்டது. செங்கல் கட்டிய குழாயைப்போலத்தான் இதுவும். இதற்கு மேல் தன்னிடம் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இறக்கிவிடவும் மனம் வரவில்லை.

அப்போது அவன் வலது குதிகால் தரையை மிதித்தது. முழங்கால் அவள் முழங்காலில் அழுந்தியது. நல்ல கை அவள் கழுத்தைச் சுற்றி வந்து, பின்கழுத்துச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தது. எவ்வளவு கொடுத்தான் என்று எந்தத் தராசில் பார்ப்பது? போதுமான அளவு கொடுத்தான். இருவரும் சேர்ந்து மேலே வந்தார்கள், மெதுவாக, தண்ணீருக்கடியிலிருந்து வருகிறவர்கள் மாதிரி. வந்து நின்றார்கள்.

ஒன்றரை வருஷமாக அவனைப் படுத்தபடியும் உட்கார்ந்தபடியும்தான் பார்த்திருந்தாள். அவன் தன்னைவிட உயரம் என்பதையே மறந்துபோயிருந்தாள். அவன் தாடை அவள் நெற்றிக்கு மேலே போய் நின்றது. அவன் நெஞ்சு அடிப்பது அவள் கன்னத்தில் தெரிந்தது. கனமாகத்தான் இருந்தான். அத்தனை கிலோவும் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஃபெலிக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் கொண்டுவந்து முட்ட வைத்தாள். "உக்கார வை நீஸா, உக்கார வை. கை விட்டுடப் போகுது!"

"இரு ஆத்தே," என்றான் பான்யோங். வார்த்தை கோணலாக வந்தது, ஆனால் முழுசாக வந்தது. "நான் எங்கயும் வரல. கொஞ்ச நேரம்... இவகூட நிக்கிறேன்."

ஃபெலி நாற்காலியின் கைப்பிடியை விட்டாள். இருவரையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, வேனைத் திருப்பி அனுப்ப வெளியே போனாள்.